கொல்லிமலையைச் சுற்றி ஒரு வரலாற்றுப் பயணம்

நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் முள்ளுக்குறிச்சி. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டையைத் தாண்டித் தம்மம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் இதன் வழியாகத்தான் போகிறார்கள். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் போதமலை, நடுவே மரவள்ளியும் மஞ்சளும் பாக்குத் தோப்புமாக விளைநிலம். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குச் சமவெளியின் முதல் கடைவீதி இது. மலை ஏறுகிறவர்களுக்குக் கடைசிக் கடைவீதியும் இதுவே. சுற்றுலாக் கையேடுகளில் இதன் பெயர் அதிகம் வராது. ஆனால் கொல்லிமலையின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை ஒழுங்காகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் தங்கள் பயணத்தை இங்கிருந்து தொடங்குவது நல்லது. மேற்கே ராசிபுரம், கிழக்கே தம்மம்பட்டி, தலைக்கு மேலே மலை, மலைக்கு அப்பால் சேந்தமங்கலமும் நாமக்கல்லும் என்று எல்லாமே இங்கிருந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன.

இன்று கொல்லிமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டையூசி வளைவுகளுக்காகவும் ஆகாயகங்கை அருவிக்காகவும் வருகிறார்கள். காலையில் ஏறி, குளித்து, அன்னாசியும் மலைவாழையும் வாங்கிக்கொண்டு மாலையில் இறங்கிவிடுகிறார்கள். அருவி பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடிய மலைக்கு வந்து, அந்தப் பாடல்களின் சுவடே தெரியாமல் திரும்புவது பெரிய இழப்பு. இந்த மலையையும் இதன் அடிவார ஊர்களையும் ஒரே வரலாறாகச் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் விளங்கும்.

பழைய ஊர்களைப் பார்ப்பதையே விடுமுறையாக அமைத்துக்கொள்ளும் பழக்கம் அயர்லாந்தில் வேரூன்றிய ஒன்று. அங்கே அரசின் பொதுப்பணி அலுவலகம் நூற்றுக்கணக்கான கோட்டைகளையும் மடங்களையும் கல்லறைகளையும் பராமரிக்கிறது. கட்டணம் வாங்கும் இடங்களுக்கெல்லாம் ஓர் ஆண்டுக்குச் செல்லும் ஒரே அட்டை கிடைக்கும். பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகிரேஞ்ச் என்ற கல்லறை மேடு எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையது. சுமார் 5,200 ஆண்டு வயதுள்ள அதன் வாசலுக்கு யாரும் தம் காரில் நேராகப் போய் நிற்க முடியாது. ஆற்றின் மறுகரையில் உள்ள வரவேற்பு மையத்தில் முதலில் வரலாற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து மையத்தின் பேருந்தில் சிறு குழுக்களாகப் போகவேண்டும். கடல் நடுவே இருக்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு மடத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 180 பேருக்குத்தான் அனுமதி. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் வந்தவருக்குப் புரியவைப்பதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. கொல்லிமலைக்குத் தேவையானவையும் இந்த இரண்டும்தான்.

ராசிபுரமும் தம்மம்பட்டியும்

முள்ளுக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால் ராசிபுரம். ஊர் நடுவே கைலாசநாதர் கோயில். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எழுப்பிய கோயில் இது என்று ஊர் மரபு சொல்கிறது. இன்று நிற்கும் கட்டடம் பல காலங்களில் வளர்ந்தது. ஆனாலும் மலையரசன் ஒருவனைச் சமவெளியின் ஊர் தன் மூலவனாக இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது கவனிக்கவேண்டிய செய்தி. ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர்.கே. நாராயணனின் பெயரில் உள்ள முதல் எழுத்தும் இந்த ராசிபுரம்தான். வழியில் உள்ள நாமகிரிப்பேட்டை மஞ்சள் வணிகத்துக்குப் பேர்போனது. அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளின் மணத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கிழக்கே சேலம் மாவட்டத்து எல்லைக்குள் தம்மம்பட்டி. வாகை போன்ற மரங்களில் சாமி சிலைகளும் யாளிகளும் கதவுச் சிற்பங்களும் செதுக்கும் குடும்பங்கள் வாழும் ஊர். தம்மம்பட்டி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பட்டறைகள் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலுமே நடப்பதால், ஒரு மரத்துண்டு எப்படித் தெய்வ உருவமாகிறது என்பதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். பயணத்தின் நடுவே அரைநாள் ஒதுக்கத் தகுந்த ஊர்.

ஓரியின் மலை

மலைக்கு இரண்டு முக்கியச் சாலைகள் ஏறுகின்றன. காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்கு வந்து 70 வளைவுகளில் ஏறுவது ஒன்று. முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து ஏறுவது மற்றொன்று. இதில் வளைவுகள் குறைவு. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்குவதே சரியான சுற்று. மேலே போனதும் மலை உச்சி ஒரு கூம்பாக இல்லை என்பது தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்குகளும் வயல்களும் ஊர்களுமாக விரிந்த ஒரு நாடே அங்கே இருக்கிறது. பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். இதைத் தெரிந்துகொண்டால்தான் ஓர் அரசன் இங்கே உட்கார்ந்து ஆள முடிந்ததன் காரணம் விளங்கும். ஏறுவதற்குக் கடினம், ஏறியபின் நெல்லும் தினையும் தேனும் பலாவும் தண்ணீரும் உண்டு. இப்படி ஓர் இயற்கை அரணைப் பக்கத்து வேந்தர்கள் விட்டுவைக்கவில்லை.

வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனுடைய வில்லாற்றலைப் பாடியவர் வன்பரணர். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்பது புறநானூற்றின் 152ஆம் பாடல் சொல்லும் காட்சி. தன் பெயரைக்கூடச் சொல்லாமல் அந்த வேடன் பாணர் கூட்டத்துக்கு ஊனும் மதுவும் பொன்னும் கொடுத்தான் என்று பாடல் தொடர்கிறது. வீரத்தைவிட அந்த அடக்கத்தைத்தான் புலவர் பெரிதாகப் பாடியிருக்கிறார். மலைமேல் உள்ள செம்மேட்டில் குதிரைமேல் வில்லோடு இருக்கும் ஓரியின் சிலையைப் பார்க்கிறவர்கள் இந்தப் பாடலையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் இங்கே அரசு விழாவாக வல்வில் ஓரி விழா நடக்கிறது. கலைநிகழ்ச்சிகள், கண்காட்சிகளோடு வில்வித்தைப் போட்டியும் உண்டு.

ஓரியின் முடிவும் பாடல்களில் பதிவாகியிருக்கிறது. சேரனுக்காகப் படையெடுத்து வந்த மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாடலில் கல்லாடனார் சொல்கிறார். அதன்பின் கொல்லி சேரர்களுக்கு ஒரு பெருமைப் பட்டமாகவே ஆகிவிட்டது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் ‘கொல்லிப்புறை’, ‘கொல்லிரும்புறை’ என்ற பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இலக்கியம் சொல்லும் செய்திக்கு உலோகத்தில் கிடைத்த சாட்சி இது. பல நூற்றாண்டுகள் கழித்துக் குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லி காவலன் என்றே சொல்லிக்கொள்கிறார். இந்த மலையை வைத்திருந்தவன் மேற்கே சேர நாட்டுக்கும் கிழக்கே காவிரிச் சமவெளிக்கும் இடையில் வலுவான இடத்தைப் பிடித்தவன் ஆனான் என்பதே இதற்கெல்லாம் பொருள்.

கொல்லிப்பாவையின் கதை இன்னும் வியப்பானது. மலையில் தெய்வம் அமைத்த ஒரு பெண் உருவம், காற்று வீசினாலும் மழை அடித்தாலும் தன் அழகு குலையாமல் நிற்பது என்று நற்றிணையும் குறுந்தொகையும் அதைப் பேசுகின்றன. காதலியின் அழகுக்கு உவமை தேடும்போது பரணரும் கபிலரும் இந்தப் பாவையை நினைத்தார்கள். பார்த்தவரை மயக்கி வீழ்த்தும் பாவை என்ற நம்பிக்கை பின்னாளில் வளர்ந்தது. மலையில் உள்ள எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவை கோயில் என்றே மக்கள் வணங்குகிறார்கள். பாடல்களில் வரும் பாவையும் இந்த அம்மனும் ஒன்றுதான் என்று கல்வெட்டுச் சான்று காட்டி நிறுவ முடியாது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டாக ஒரு நினைவு ஒரே மலையில் உயிரோடு இருப்பதே தனிப் பெருமை.

அறப்பள்ளி

மலையின் வளப்பூர் நாடு என்ற பகுதியில், பெரியகோவிலூரில் இருக்கிறது அறப்பளீசுவரர் கோயில். திருநாவுக்கரசர் தம் பாடலில் கொல்லி அறப்பள்ளியைக் குறிப்பிடுகிறார். தனிப் பதிகம் இல்லாமல் வேறு பாடல்களின் ஊடே பெயர் வருவதால் இது தேவார வைப்புத் தலம். அப்படியானால் 7ஆம் நூற்றாண்டிலேயே, சாலையே இல்லாத இந்த மலைமேல் இருந்த கோயிலின் பெயர் மலைக்கு வெளியேயும் தெரிந்திருக்கிறது. கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி அளித்த கொடையும் அவற்றில் பதிவாகியிருக்கிறது. காவிரிக் கரைக் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய அந்த அரசியின் கை இந்த மலைவரை நீண்டிருக்கிறது.

நிலத்தை உழுதபோது ஏர்முனை பட்டு லிங்கம் வெளிப்பட்டதாகவும், அந்தத் தழும்பு லிங்கத்தில் இன்னும் இருப்பதாகவும் தலவரலாறு சொல்கிறது. கோயிலை ஒட்டிய நீரோடையில் உள்ள மீன்களுக்கு வழிபட வருகிறவர்கள் பொரி போடுகிறார்கள். அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. ஒருமுறை பிடித்து அறுத்த மீன்கள் பொருந்தி உயிர்பெற்று ஓடின என்ற நம்பிக்கை இதற்குக் காரணம். அம்பலவாணக் கவிராயர் இந்தச் சிவனை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகம் என்ற நூலைப் பாடினார். உலகியல் நீதிகளைச் சொல்லும் அந்த நூல் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் படித்த நூல்களில் ஒன்று.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாயகங்கைக்கு இறங்குகின்றன. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுவதுதான் ஆகாயகங்கை. அந்த ஆறு மறுபக்கம் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் இறங்கித் துறையூர்ப் பக்கம் ஓடி, கடைசியில் காவிரியில் சேர்கிறது. அருவிக்குப் போகும் காட்டில் கோரக்கர் முதலிய சித்தர்களின் பெயரால் குகைகள் காட்டப்படுகின்றன. இறங்குவதைவிட ஏறுவதுதான் கடினம். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. மழைக்காலத்தில் நீர்வரத்து அதிகமானால் வனத்துறை அருவிக்குப் போக அனுமதிப்பதில்லை.

நாடுகளும் தானியங்களும்

கொல்லிமலையின் மிகப் பெரிய தொன்மை கல்லில் இல்லை, மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்க்கையில் இருக்கிறது. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், மூன்று சகோதரர்கள் பிரிந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மூன்றிலும் குடியேறினார்கள் என்றும் அவர்களுடைய வாய்மொழி மரபு சொல்கிறது. மலை முழுவதும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு, சேலூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. சமவெளியில் கல்வெட்டுகளில் மட்டுமே படிக்கக் கிடைக்கும் ‘நாடு’ என்ற நிர்வாகப் பிரிவு இங்கே ஊராட்சிப் பெயராகவும் பேருந்துப் பலகையாகவும் புழக்கத்தில் இருக்கிறது. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற பொறுப்புகளும் திருமணம், திருவிழா, வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றோடு சேர்ந்து வந்தவை.

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு போன்ற சிறுதானியங்களின் பல நாட்டு ரகங்கள் இந்த மலையில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. மரவள்ளிக்கிழங்குக்குச் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளில் விலை கிடைத்ததும் தினை, சாமை நிலங்கள் சுருங்கத் தொடங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கிகள், சிறுதானியம் தீட்டும் இயந்திரங்கள், மதிப்புக் கூட்டிய பொருள்கள் என்று இந்த ரகங்களை மீட்கும் வேலையைச் செய்துவருகிறது. தானியத்தின் தோலைப் பெண்கள் உரலில் இடித்தே நீக்கவேண்டியிருந்ததுதான் சாமைச் சோறு வீட்டை விட்டு மறைந்ததற்கு ஒரு பெரிய காரணம். இயந்திரம் வந்தபின் அது திரும்பியது. சோளக்காடு சந்தையில் மிளகும் பலாவும் அன்னாசியும் வாங்குகிறவர்கள் ஒரு படி சாமையும் வாங்கினால், ஒரு பழைய விதைக்கு வயலில் இடம் கிடைக்கும்.

வாழவந்தியில் இருக்கும் இரண்டு கல்லறைகள் மலையின் நவீன வரலாற்றைச் சேர்ந்தவை. இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதி சாலையும் மருத்துவமும் இல்லாத காலத்தில் மலைமேல் குடியேறினார்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், குடிநீரால் பரவிய நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டார்கள். 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். எவலின் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, குதிரையிலும் நடந்தும் சுற்றுவட்டத்து மலைகளில் வேலை செய்து, 95 வயதில் 1974இல் காலமானார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தி உலகம் அறிந்த மருத்துவர் ஆனார்.

நாமக்கல் பாறை

காரவள்ளி வழியாக இறங்கினால் சேந்தமங்கலம். அவதூதர் சுயம்பிரகாச பிரம்மேந்திர சரசுவதி அமைத்த தத்தாத்ரேயர் கோயில் அங்கே ஒரு சிறு குன்றின்மேல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாமக்கல்லுக்குப் போகலாம். இந்தச் சுற்றில் மிக அதிக நேரம் கொடுக்கவேண்டிய இடம் நாமக்கல்தான். ஊரின் நடுவே சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை. அதன் ஒரு பக்கத்தில் நரசிம்மர் குடைவரை, எதிர்ப்பக்கத்தில் அரங்கநாதர் குடைவரை. இரண்டும் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரங்கநாதர் குடைவரையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு அதை ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று குறிக்கிறது. குடைவித்தவன் அதியர் மரபினன். காரியைக் கொண்டு ஓரியை வீழ்த்திய சேரனின் அடுத்த பெரும்போர் தகடூர் அதியமானோடு நடந்தது. அந்த அதியர் குடி பல நூற்றாண்டு தாழ்ந்து கிடந்து, கொல்லியின் அடியில் ஒரு பாறையைக் குடைந்து தன் பெயரைப் பொறித்திருக்கிறது. மலையையும் சமவெளியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

நரசிம்மர் குடைவரையின் சுவர்களில் இரணியனைப் பிளக்கும் நரசிம்மர், வராகர், திரிவிக்கிரமர், வைகுண்டநாதர் என்று பெரிய சிற்பத் தொகுதிகள் இருக்கின்றன. பல்லவர் மாமல்லபுரத்தில் காட்டிய நளினத்தோடு ஒப்பிட்டால் இவற்றில் வலிமை அதிகம். இரணியனின் உடல் வளைந்து கிடக்கும் விதத்தில் சிற்பியின் துணிச்சல் தெரிகிறது. அரங்கநாதர் குடைவரையில் பெருமாள் கார்க்கோடகன்மேல் பள்ளிகொண்டிருக்கிறார். அங்குள்ள சங்கரநாராயணர் உருவத்தைத் தவறவிடக்கூடாது. நரசிம்மர் கோயிலுக்கு எதிரே திறந்தவெளியில் 18 அடி உயர ஆஞ்சநேயர், நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். பெருங்கூட்டம் அவரோடு திரும்பிவிடுகிறது. கணித மேதை இராமானுசனின் குடும்பம் வழிபட்ட நாமகிரித் தாயார் இந்த நரசிம்மர் கோயிலில்தான் இருக்கிறார். 1914இல் இராமானுசன் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் போவதற்கு முன் இங்கே வந்து தங்கித் தாயாரின் உத்தரவு கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

பாறையின் உச்சியில் நாயக்கர் காலத்துக் கோட்டை. பாறையில் வெட்டிய குறுகிய படிகளில் ஏறினால், மதில் சுற்றிய ஒரு தளமும் ஒரு பெருமாள் கோயிலும் கட்டடச் சிதைவுகளும் இருக்கின்றன. 1768இல் ஆங்கிலேயத் தளபதி உட் இதைப் பிடித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐதர் அலி மீட்டுக்கொண்டார். கோட்டையும் குடைவரைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அயர்லாந்தின் கேஷல் ஊரிலும் நாமக்கல்லைப் போல ஊருக்குமேல் ஒரு பாறை உண்டு. அதன் உச்சியில் 1134இல் திருநிலைப்படுத்தப்பட்ட கார்மக் தேவாலயம் இருக்கிறது. உள்ளே உள்ள சுவரோவியங்கள் ஈரத்தால் கெடாமலிருக்க, வழிகாட்டியோடு சிறு குழுவாக மட்டுமே அங்கே விடுகிறார்கள். நாமக்கல் குடைவரைகள் வழிபாட்டில் இருப்பவை. அங்கே அப்படிக் கட்டுப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தவும் கூடாது. ஆனால் எண்ணெய்ப் புகையும் விளக்குக் கரியும் 1,200 ஆண்டுச் சிற்பத்தின்மேல் படியாமல் பார்த்துக்கொள்வதும், சிற்பத்தைத் தொட்டுத் தேய்க்காமல் இருப்பதும் வழிபாட்டுக்கு எதிரானவை அல்ல.

போகிறவர்களுக்கு

முழுச் சுற்றுக்கும் மூன்று நாள் போதும். முதல் நாள் ராசிபுரமும் தம்மம்பட்டியும், அடுத்த நாள் மலையிலேயே தங்கல், மூன்றாம் நாள் சேந்தமங்கலமும் நாமக்கல்லும். தங்குவதற்குச் செம்மேட்டிலும் சுற்றிலும் விடுதிகள் உண்டு. கோயில்களில் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் அறப்பள்ளிக்குக் காலையிலேயே போய்விடவேண்டும். சேலம், ராசிபுரம், நாமக்கல் ஆகிய ஊர்களிலிருந்து அரசுப் பேருந்துகள் மலை ஏறுகின்றன. வளைவுகளில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் பேருந்தில் போவது பாதுகாப்பானது. கூட்டம் வேண்டாதவர்கள் ஆடிப்பெருக்கையும் ஓரி விழாவையும் ஒட்டிய நாள்களைத் தவிர்க்கலாம். திருவிழாவையே பார்க்க நினைப்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த நாள் இல்லை.

அரசும் அறநிலையத் துறையும் செய்யவேண்டிய வேலை பெரிய செலவு பிடிப்பதல்ல. நம் கோயில்களில் தலபுராணம் எழுதிய பலகை இருக்கும். கல்வெட்டு என்ன சொல்கிறது என்று எழுதிய பலகை அரிது. அறப்பள்ளியின் சோழர் கல்வெட்டுகளையும் நாமக்கல்லின் அதியர் கல்வெட்டையும் எளிய தமிழில் எழுதி, அந்தந்த இடத்திலேயே வைக்கவேண்டும். செம்மேட்டில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் வன்பரணரின் பாடலைப் பொருளோடு பொறிக்கவேண்டும். முள்ளுக்குறிச்சியிலும் காரவள்ளியிலும், மலை ஏறுவதற்கு முன்பே, 14 நாடுகளின் வரைபடத்தோடு ஒரு சிறு வரவேற்பு மையம் அமைக்கவேண்டும். அதை நடத்தும் பொறுப்பு மலையாளி இளைஞர்களிடமே இருக்கவேண்டும். ஓரியின் மலையைப் பற்றிப் பேச அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை.